உபசாரமும் கட்டணமும்

பசிக்கு உணவளிப்பது தர்மம். விலைக்கு உணவளிப்பது வியாபாரம். இரண்டும் உலகத்துக்கு வேண்டியவையே. ஆனால் வியாபாரமானது தர்மத்தின் வேஷத்தைப் பூண்டு, விலைக்கு மேல் ஒரு தொகையை உபசாரத்தின் பெயரால் கேட்கும்பொழுது, கொடுக்கிறவன் கணக்குக் கேட்பது நியாயமாகும். பெரிய நகரங்களின் உயர்தர உணவு விடுதிகள் பலவற்றில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று பில்லில் சேர்க்கப்படும் கட்டணத்தைப் பற்றியே நாம் இங்கு பேசுகிறோம். சாப்பாட்டு விஷயம் பத்திரிகையின் இந்தப் பக்கத்திற்கு ஏற்றதா என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். பணம் கொடுக்கும் பிரஜை, எதற்காகக் கொடுக்கிறோம் என்று கேட்கக் கூசுகிற இடம் எதுவோ, அது பத்திரிகை பேச வேண்டிய இடமே என்பது நமது அபிப்பிராயம்.

சென்னையில் அத்தகைய விடுதி ஒன்றுக்குச் சில வார காலத்தில் நாம் மூன்று முறை போக நேர்ந்தது. அதன் பெயர் இங்கு அவசியமில்லை. குறை அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. முதல் முறை போனது ஒரு புதன்கிழமை இரவு. மண்டபத்தில் பாதி மேஜைகள் காலியாக இருந்தன. ஆப்பம் ஓரத்தில் மொறுமொறுப்பாகவும் நடுவில் பஞ்சு போலவும் வந்தது. தேங்காய்ப்பால் அப்பொழுதுதான் பிழிந்ததென்று நாவே சாட்சி சொல்லிற்று. நம்முடன் வந்த முதியவர் காரம் ஆகாதவர். பரிமாறிய இளைஞர் வெளி மாகாணத்தவர். தமிழ் அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. ஆயினும் முதியவரின் முகக் குறிப்பை அறிந்து, கேளாமலே காரமற்ற குழம்பு ஒன்றைச் சமையலறையில் சொல்லிச் செய்வித்தார். உபசாரம் என்றால் அதுவே உபசாரம்.

இரண்டாம் முறை போனது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முன்கூட்டிச் சொல்லியிருந்தும் முக்கால் மணி நேரம் வாசலில் நின்றோம். அதே ஆப்பம் ஆறி, தோல் போல் வந்தது. வற்றக்குழம்பில் உப்பு மிகுந்திருந்தது. குடிதண்ணீருக்கு மூன்று தடவை சொன்ன பிறகு, கேட்காத பாட்டில் தண்ணீர் மேஜைக்கு வந்தது. அந்த நல்ல இளைஞரைத் தூரத்தில் கண்டோம். எட்டு மேஜைகளுக்கு அவர் ஒருவரே ஓடிக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்துப் புன்னகை செய்யவும் அவருக்கு அவகாசமில்லை. மூன்றாம் முறை சமையல் சுகமாக இருந்தது. ஆனால் பண்டங்கள் முறை மாறி வந்தன, சொன்ன ஒன்று வரவே இல்லை. இப்படி உபசாரம் மூன்று விதமாக இருந்தது; கட்டணமோ மூன்று பில்லிலும் ஒரே விதமாக, நூற்றுக்குப் பத்து வீதம் நின்றது.

உணவும் பணிவிடையும் நாளுக்கு நாள் ஏன் மாறுகின்றன? அதிர்ஷ்டத்தின் மேல் பழி போடுவதில் பயனில்லை. இது முதலாளியின் கணக்கு. சிறு மெஸ் ஒன்றில் தினமும் ஏழெட்டுப் பண்டங்களையே நூற்றுக்கணக்கான இலைகளுக்குப் போடுகிறார்கள். கை பழகிவிடுகிறது, சரக்கும் தேங்குவதில்லை. பெரிய விடுதியிலோ பண்டங்களின் பட்டியல் பல பக்கங்களுக்கு நீள்கின்றது. ஆப்பச் சட்டிகளும் அவற்றின் முன் நிற்கும் மாஸ்டரும் புதன்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒன்றேயானால், கூட்டம் மிகுந்த நாளில் ஆப்பம் சுட்டு வைக்கப்பட்டு ஆறத்தான் செய்யும். சப்ளையர்களின் கணக்கும் அதுவே.

இங்கேதான் இக்கட்டணத்தின் விபரீதம் வெளிப்படுகின்றது. மேஜைகள் நிரம்பிய நாளில் விற்பனை அதிகம். ஆகையால் வசூலாகும் உபசாரக் கட்டணமும் அதிகம். ஆட்கள் கூடாதபடியால், அந்நாளில்தான் ஒவ்வொரு மேஜைக்கும் கிடைக்கும் உபசாரம் மிகக் குறைவு. உபசாரம் தேய்ந்த நாளில் அதன் கூலி வளர்கின்றது. இத்தகைய கட்டணம் உழைப்புக்கு வெகுமதியன்று. ஆட்களைக் குறைத்து வைப்பதற்கு முதலாளிக்குக் கிடைக்கும் வெகுமதியே ஆகும்.

சட்டத்தின் நிலைமையை நேயர்கள் அறிந்திருக்க வேண்டும். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022 ஜூலை 4-ந் தேதி சில விதிமுறைகளை வெளியிட்டது. உணவு விடுதி எதுவும் இக்கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கலாகாது. வேறு பெயரிட்டும் வசூலிக்கலாகாது. கொடுக்க மறுப்பவருக்கு அனுமதியையோ பணிவிடையையோ மறுக்கலாகாது. விருப்பமுள்ளவர் கொடுக்கலாம் என்பதைத் தெரிவிக்க வேண்டும். உணவின் விலையோடு இதையும் கூட்டி, மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. விதிக்கலாகாது என்பன அவை. விடுதிக்காரர்களின் இரு அகில இந்திய அமைப்புகள் டில்லி ஹைகோர்ட்டுக்குச் சென்று அம்மாதமே இடைக்காலத் தடை பெற்றன. ஏறக்குறைய மூன்று வருஷ காலம் தடை நீடித்தது. 2025 மார்ச் 28-ந் தேதி நீதிபதி பிரதிபா எம். சிங் அம்மனுக்களைத் தள்ளி, விதிமுறைகளை நிலைநிறுத்தினார். மனுதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தார். கட்டாய வசூல் சட்டத்துக்கு விரோதம் என்பதே தீர்ப்பின் சாரம். விடுதிக்காரர்கள் இதன் மேல் அப்பீலும் செய்தனர்.

வரியின் மேல் வரி என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். உணவின் விலை 3,000 ரூபாய் என்று கொள்வோம். நூற்றுக்கு ஐந்து வீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 3,150 ரூபாய். பத்து வீதம் உபசாரக் கட்டணத்தை நடுவில் நுழைத்தால் தொகை 3,300 ஆகி, அதன் மேல் வரி 165 ஆகி, மொத்தம் 3,465 ரூபாய் ஆகின்றது. உபசாரத்துக்கு 300 ரூபாய் கொடுத்ததாக நாம் எண்ணுகிறோம். பையிலிருந்து போனதோ 315 ரூபாய்.

விடுதிக்காரர்களின் கட்சியையும் கேட்பதே நீதி. கடை வாடகை உயர்ந்துவிட்டது, ஆட்கள் நிலைத்து நிற்பதில்லை, 2017 நவம்பரில் வரி ஐந்து வீதமாகக் குறைந்தபோது தாம் வாங்கும் சரக்குக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையும் போயிற்று என்கிறார்கள். இவற்றில் உண்மை உண்டு. ஆனால் அதற்குப் பரிகாரம் அவர்கள் கையிலேயே இருக்கின்றது. இருநூறு ரூபாய் ஆப்பத்துக்கு இருநூற்றிருபது ரூபாய் என்று பட்டியலில் அச்சிடுவதை யாரும் தடுக்கவில்லை. அப்படிச் செய்யாத காரணம் எளிதில் விளங்கும். அச்சிட்ட விலை வாடிக்கைக்காரரை உள்ளே அழைக்க வேண்டும்; அச்சிடாத விலையை அவர் உண்டு முடித்த பின் காட்டினால் போதும். விலையை இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கடைசி வரை மறைத்து வைப்பது வியாபார சாமர்த்தியமாகலாம், நேர்மை ஆகாது.

இன்னொன்றும் உண்டு. புட்டியின் மேல் அச்சிட்ட விலைக்கு அதிகமாகத் தண்ணீரை விற்கும் உரிமைக்காக இவர்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை வாதாடி, 2017 டிசம்பரில் ஜயித்தார்கள். விடுதிக்கு வருகிறவர் தண்ணீரை மட்டும் வாங்க வருவதில்லை. இடத்தின் சுகத்தையும் பணிவிடையையும் சேர்த்தே பெறுகிறார் என்பது அந்த வழக்கின் அடிப்படை. நன்று. தண்ணீரின் விலைக்குள்ளேயே உபசாரம் அடக்கமென்றால், அதே உபசாரத்துக்குப் பில்லின் அடியில் மறுபடியும் கூலி கேட்பது எப்படி? ஒரு கோர்ட்டில் சேர்த்துக் காட்டியதை மற்றொரு கோர்ட்டில் பிரித்துக் காட்ட முடியாது. 2025 ஆகஸ்டு மாதத்தில் அப்பீல் விசாரணையின்போது டில்லி நீதிபதிகளும் இதே போக்கில்தான் கேள்வி எழுப்பினார்கள்.

மூன்றாம் முறை போனபொழுது கட்டணத்தை நீக்கும்படி மானேஜரிடம் கேட்டோம். அவர் ஆட்சேபிக்கவில்லை, ஆனால் பக்கத்து மேஜைகளுக்குக் கேட்கும் குரலில், “தாராளமாக எடுத்துவிடுகிறோம், ஸார். பையன்களுக்குப் போகிற பணம், அவ்வளவுதான்” என்றார். அந்த இளைஞரும் அருகில் நின்றார், தலை நிமிரவில்லை. வெளியே வரும்பொழுது அவர் கையில் நமது அன்பளிப்பைக் கொடுத்து, கட்டணத்தில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரித்தோம். சில மாதம் ஏதோ வரும், சில மாதம் வராது, கணக்கு தமக்குத் தெரியாது என்றார்.

இதுவே நம் மனத்தை உறுத்துகின்ற விஷயம். ஏழைத் தொழிலாளியின் முகத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். கணக்கை அவனுக்கே காட்டுவதில்லை. பிரான்ஸ் தேசத்தில் பணிவிடைக் கூலியும் அடங்கிய விலையையே பட்டியலில் காட்ட வேண்டும் என்பது 1987 முதல் விதி. பிரிட்டனில் 2023-ல் இயற்றி 2024 அக்டோபர் 1-ந் தேதி அமுலுக்கு வந்த சட்டப்படி, அன்பளிப்பும் உபசாரக் கட்டணமும் பிடித்தமின்றித் தொழிலாளரையே சேர வேண்டும். பங்கீட்டுக் கணக்கை எழுதி வைக்க வேண்டும். தொழிலாளி அதைக் கேட்டுப் பெறலாம். நமது விதிமுறைகள் கொடுப்பவனைக் காப்பாற்றுகின்றன. பரிமாறுகிறவனுக்கு இத்தகைய சட்டம் இன்னும் வேண்டும். தொழிற்சங்கங்களில் உழைக்கும் நண்பர்கள் கையில் எடுக்கத் தக்க காரியம் இது.

அதுவரையில் நேயர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பில்லைப் படியுங்கள். பளிங்குத் தரையும் மங்கல் விளக்கும் சேர்ந்து, கணக்குக் கேட்பது கண்ணியக் குறைவு என்று நம்மை நம்பச் செய்கின்றன. காய்கறிக் கடையில் இரண்டு ரூபாய்க்கு வாதாடுகிற கனவான் இங்கே முந்நூறு ரூபாய்க்கு வாய் திறவாமல் இருப்பது கௌரவமன்று, கூச்சம். கேட்க வேண்டியவர் மானேஜர், சப்ளையரல்லர். குரலை உயர்த்த வேண்டியதில்லை. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். பரிமாறியவர் மனம் குளிர நடந்திருந்தால், கட்டணத்துக்குக் குறையாத தொகையை அவர் கையிலேயே கொடுங்கள். கட்டணத்தை மறுத்துவிட்டு அவரையும் வெறுங்கையோடு விட்டுச் செல்வது நியாயமாகாது. லோபத்துக்கு உரிமை என்று பெயர் சூட்டுவதேயாகும்.