சீல் அறுபடாத பை தயாரான பையா?

ஏப்ரல் வந்தால் லண்டன் மாரத்தான். 42.195 கிலோமீட்டர் நெடுகிலும் தெருவை அடைத்து நிற்கும் கூட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் திரும்பவே இடமிருக்காது. மருத்துவப் பையோடு சைக்கிளில் சுற்றும் உதவியாளர்களுக்கு அன்று ஓய்வும் இருக்காது. அந்தப் பணிக்குப் பெயர் கொடுத்திருக்கும் லண்டன் வாசகர்கள் சிலர் இந்த வாரம் எழுதிய கடிதங்களில் ஒரே சந்தேகம்தான்: “பையின் டேகில் ‘ஏப்ரல்’ என்றிருக்கிறது. ஓட்டமும் ஏப்ரலில்தான். இதை எடுத்துப் போகலாமா?”

மருந்தின் மேல் அந்த மாதத்துக்கு முன்னால் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘எக்ஸ்பைரி ஏப்ரல்’ என்றால் ஏப்ரல் 30 வரை பயன்படுத்தலாம். ‘யூஸ் பை ஏப்ரல்’ அல்லது ‘யூஸ் பிஃபோர் ஏப்ரல்’ என்றால் மார்ச் 31-ஓடு சரி. பிரிட்டனின் என்.எச்.எஸ் சொல்லும் விதி இது. டேகில் கையால் எழுதும்போது முன்னால் உள்ள சொல் விடுபட்டு, மாதம் மட்டும் மிஞ்சிவிடுகிறது. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

இந்த டேக் எதற்காக வந்தது என்று தெரிந்தால் அதன் குறையும் புரியும். லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் பாராமெடிக் டாம் லிஞ்ச், முன்னாள் பிஎம்எக்ஸ் பந்தய வீரர், 2000-இல் வெஸ்ட் எண்ட் பகுதியில் சைக்கிள் பிரிவைச் சோதனை முயற்சியாகத் தொடங்கினார். வண்டியின் அலமாரிகளில் பரந்து கிடந்ததை, பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. இப்படி நெருக்கி அடுக்கியதைத் தினமும் கொட்டி எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஒரு வழிதான் சீல். மூச்சுக்கு ஒன்று, ரத்தக்கசிவுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று எனச் சிறு பைகளாகப் பிரிப்பார்கள். ஒருமுறை சரிபார்த்து, எண் பொறித்த பிளாஸ்டிக் சீலால் ஜிப்பைப் பூட்டுவார்கள். உள்ளே எது முதலில் காலாவதியாகிறதோ, அதன் மாதம் டேகில் ஏறும். பணிக்கு வருபவர் சீல் எண்ணையும் மாதத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். இருபது பொருள்களின் தேதிகளை ஒரே தேதியாகச் சுருக்கிவிட்ட இந்த யோசனை அருமையானது.

என் கவலையும் அதே சுருக்கத்தில்தான் இருக்கிறது. அறிக்கைகளில் வரும் ‘முழுத் தயார்நிலை’ என்பதற்குக் களத்தில் உள்ள பொருள், சீல் அறுபடவில்லை என்பது மட்டுமே. யாரும் திறக்கவில்லை என்று சீல் சாட்சி சொல்லும். உள்ளே இருப்பது வேலை செய்யுமா என்று அதற்குத் தெரியாது. அலமாரியில் அசையாமல் இருக்கும் பைக்கு இது பெரிய வித்தியாசமில்லை. சைக்கிள் பையோ நாள் முழுக்க அதிர்கிறது. கத்தரியின் முனை பக்கத்துக் காயக்கட்டின் உறையை உரசிக்கொண்டே வரும். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் அந்தக் கட்டின் சுத்தம் போய்விட்டது. தேதியோ அப்படியே இருக்கும். டிஃபிப்ரிலேட்டர் பேட்டின் உறை கிழிந்தால் ஜெல் காய்ந்து மார்பில் ஒட்டாது. பேட்டின் நிலையைத் தானாகச் சோதிக்காத மாடல்களில், அப்போதும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

இதயம் நின்றவருக்கு மார்பழுத்த உதவியும் இல்லாமல், மின்னதிர்ச்சியும் தாமதமானால், நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் என்று உயிர்பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. ஆம்புலன்ஸ் சேவைகள் பெருமையோடு சொல்லும் ‘சென்றடையும் நேரம்’ உதவியாளர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததோடு முடிந்துவிடுகிறது. மாற்றுப் பேட் தேடிய நிமிடங்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

சீல் இருக்கட்டும். அதோடு, மாதம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி ஒரு பையைத் தேர்ந்தெடுத்து அறுக்க வேண்டும். ஒவ்வோர் உறையையும் விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒன்று பழுதாகியிருந்தாலும் மற்ற பைகளையும் திறக்க வேண்டும். பதிவேட்டில் சீல் எண்ணுக்குப் பக்கத்தில், கடைசியாகத் திறந்து பார்த்த நாளும் இருக்க வேண்டும். ‘தயார்’ என்ற சொல்லுக்கு அப்போதுதான் அர்த்தம் வரும்.

மற்ற கேள்விகள்:

ஆக்சிஜன் எவ்வளவு நேரம் வரும்? 460 லிட்டர் சிலிண்டர் நிறைந்திருந்தால், நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் சுமார் 30 நிமிடம்.

வலி குறைக்கும் என்டொனாக்ஸ் வாயுவைக் குளிரில் வைக்கலாமா? மைனஸ் 6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் இரு வாயுக்களும் பிரியத் தொடங்கும். கடுங்குளிர் இரவில் வெளியே விடாதீர்கள்.

கனமானவை எங்கே? அடியில், இருபுறமும் சமமாக.

கத்தரி? தனி உறையில், முனை மூடி.

கையுறை? சீல் இல்லாத வெளிப்பையில்.

பாதி பயன்படுத்திய பை? தெருவிலேயே நிரப்பிப் பூட்டாதீர்கள். நிலையத்தில் முழுப் பையாக மாற்றுங்கள்.

டேகில் வெறும் ‘ஏப்ரல்’ மட்டும் இருந்தால்? பொறுப்பாளரிடம் சொல்லி, ஓட்டத்துக்கு முன்பே சீலை அறுத்துப் பாருங்கள்.