ஓயவேண்டிய நட்சத்திரம் பேசுவதேன்?

பேசக்கூடாதென்று சாஸ்திரம் விதித்த நட்சத்திரங்கள் சில, பேசிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. வானசாஸ்திரிகளைச் சில ஆண்டுகளாகக் கலக்கிவரும் விஷயம் இதுவே.

1967-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை மாணவியான ஜோஸலின் பெல், சுமார் 1.34 விநாடிக்கொரு தரம் தவறாமல் வந்த ரேடியோத் துடிப்பொன்றைக் கண்டார். (அதன் பொருட்டு 1974-ல் நோபெல் பரிசில் பங்கு பெற்றவர் அவருடைய ஆசிரியர், மாணவிக்கு ஒன்றுமில்லை. இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.) துடித்தது நியூட்ரான் நட்சத்திரம்: சூரியனிலும் அதிகமான பொருள், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக்குள் அடைபட்டது. அதன் கடுங்காந்தம் விரைந்து சுழல்வதால், டைனமோவிற்போல் மின்னழுத்தம் பிறக்கிறது. அதன் வேகத்தால் எலெக்ட்ரானும் பாஸிட்ரானும் ஜோடி ஜோடியாய்ப் பெருகுகின்றன. அப்பெருக்கிலிருந்தே ரேடியோ அலை எழுகிறதென்பது பொதுக் கொள்கை. சுழற்சி தளர்ந்தால் அழுத்தம் விழும், ஜோடிகள் பிறவா, நட்சத்திரம் மௌனமாகும். அந்த எல்லைக்கு ‘மரணக் கோடு’ என்றே பெயரிட்டுவிட்டார்கள்.

பெயரிட்டது அவசரமோ என்று இப்போது தோன்றுகிறது. 76 விநாடிக்கொரு முறை சுழலும் நட்சத்திரமொன்றைத் தென்னாப்பிரிக்காவின் மீர்காட் தொலைநோக்கி கண்ட செய்தி 2022-ல் வெளியாயிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2018-ல் எடுத்த பதிவுகளிலிருந்து, 18 நிமிஷத்துக்கொரு முறை துடித்த மற்றொன்றும் அவ்வாண்டே வெளிவந்தது. அதை முதலில் கண்டவரும் ஒரு மாணவரே. அது வீசிய ரேடியோ சக்தியோ, சுழற்சி தளர்வதால் கிடைக்கக்கூடிய சக்தியையும் மிஞ்சியிருந்தது. வரவுக்கு மேல் செலவு நடந்தால், வேறொரு பொக்கிஷம் இருந்தாக வேண்டுமன்றோ?

அப்பொக்கிஷம் காந்தமே என்பர் ஒரு சாரார். நட்சத்திரத்தின் மேலோடு மெல்ல நெகிழ்ந்து நகர, அதில் வேரூன்றிய காந்தக் கோடுகள் கயிறுபோல் முறுக்கேறுகின்றன. முறுக்கு நிலைக்க மின்னோட்டம் வேண்டும். ஓட்டத்துக்குத் துகள்கள் போதாதபோது மின்னழுத்தம் எழுந்து, முன்சொன்ன ஜோடிகளைத் தோற்றுவிக்கிறது. இதற்கு விரைந்த சுழற்சியின் தயவு தேவையில்லை. இவ்விளக்கம் நமக்குப் பொருத்தமாகவே படுகிறது.

ஆயினும் தீர்ப்புக் கூறச் சமயம் வரவில்லை. சுமார் 2 மணி நேரத்துக்கொரு முறை துடித்த ஒன்றை ஆராய்ந்ததில், அது நியூட்ரான் நட்சத்திரமே அன்று, சிவந்த துணையொன்றுடன் சுற்றிவரும் வெள்ளைக் குள்ள நட்சத்திரம் என்று 2025-ல் வெளியாயிற்று. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட 6.45 மணி நேரத் துடிப்போ, இரு துருவங்களிலிருந்தும் வருவதுபோல் காண்கிறது. அது நியூட்ரான் கட்சிக்கு நல்ல சாட்சி. 18 நிமிஷ நட்சத்திரத்தைக் குறுக்கு விசாரணை செய்யலாமென்றால், 2018-ல் மூன்று மாதம் பேசிவிட்டு அது வாய்மூடிக்கொண்டது. பின்னர்த் தேடியவர்களுக்கு அகப்படவில்லை.