மண்ணின் மடியில் – 9: ஊதா அப்பிரகம்

சிறு வயதில் காக்காப்பொன் என்று நாம் பொறுக்கி வைத்து விளையாடிய சாதாரண அப்பிரகம் கூடூர்ச் சுரங்கங்களிலிருந்து எவ்வாறு வெளிவருகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். இவ்வாரம், அதே குலத்தில் பிறந்திருந்தும், லித்தியம் என்ற மிக இலேசான உலோகத்தைத் தன் உடலிலேயே தாங்கியிருப்பதால் தனிப் பெருமை பெற்ற லெப்பிடோலைட் என்னும் அபூர்வக் கனிஜத்தை எடுத்துக்கொள்வோம்.

என் மேசைமேல் இருக்கும் துண்டு ஒரு நெல்லிக்காய்ப் பருமன்தான். தூரத்தில் மங்கலான ஊதாக் கல்லாகத் தெரியும் அதைச் சன்னலோரம் கொண்டுசென்று மெல்லச் சாய்த்தால், நெருங்கிப் பின்னிக் கிடக்கும் நுண்ணிய செதில்கள் ஒவ்வொன்றாக ஒளி வீசி அடங்குகின்றன. விளிம்பில் நகத்தைக் கொடுத்தால் ஒரு செதில் பெயர்ந்து வருகிறது. அதை வளைத்து விட்டால் உடையாமல் பழைய நிலைக்கே நிமிர்கிறது. சுவாலையில் காட்டினாலோ சீக்கிரமே நுரைத்து உருகி, சுடரின் ஓரத்தைச் செக்கச் சிவப்பாக்குகிறது. அந்தச் சிவப்புதான் லித்தியத்தின் கையொப்பம்.

இக்கல் இப்படி ஏடு ஏடாகப் பிரிவதற்குக் காரணம் அதன் அணு அமைப்பு. நம் புதுச்சேரியில் 1955-ல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பாதுகாக்கப்படும் சைவாகமச் சுவடிகளைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓலைகளை நூல் கோத்திருப்பதுபோல, இங்கே ஏடுகளைப் பொட்டாசியம் அணுக்கள் தளர்வாகப் பிணைத்திருக்கின்றன. ஒவ்வோர் ஏடும் மூன்று அடுக்குகளால் ஆனது: மேலும் கீழும் சிலிக்காவின் வலைகள், அவற்றின் நடுவே அலுமினியமும் லித்தியமும் கலந்து அமர்ந்த ஓர் அடுக்கு. லித்தியம் ஏடுகளுக்கு இடையில் அல்லாமல் ஏட்டின் உள்ளேயே சிறைப்பட்டிருக்கிறபடியால், கல் எவ்வளவு சுலபமாகப் பிரிந்தாலும் உலோகம் அவ்வளவு சுலபமாகப் பிரிவதில்லை. அமிலத்தில் வேகவைத்தோ, உப்புகளோடு சேர்த்து உலையில் வறுத்தோதான் அதை வெளிக்கொணர வேண்டியிருக்கிறது.

இதன் சரித்திரமும் சுவையானது. மொராவியாவில் கிடைத்த இக்கல்லை 1792-ல் கிளாப்ரோத் என்னும் ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி ஆராய்ந்து பெயரிட்டபோது, அதற்குள் லித்தியம் இருப்பது அவருக்கு மட்டுமல்ல, உலகில் எவருக்குமே தெரியாது. 1817-ல் ஆர்ஃப்வெட்ஸன் என்ற ஸ்வீடன் தேசத்து இளைஞர் வேறொரு கல்லில் லித்தியத்தைக் கண்டுபிடித்த பின்னரே, இதிலும் அது உண்டென்று தெளிவாயிற்று. அதோடும் நிற்கவில்லை. 1861-ல் ஹைடல்பர்க் நகரத்துப் பன்ஸெனும் கிர்காஃபும், ஸாக்ஸனியிலிருந்து தருவித்த இதே கல்லை 150 கிலோகிராம் அளவுக்குக் கரைத்து, வடித்து, அதன் நிறமாலையில் அதுவரை எவரும் கண்டிராத ஆழ்ந்த சிவப்புக் கோடுகளைக் கண்டு, ருபீடியம் என்னும் புதிய தனிமத்தை உலகுக்கு அறிவித்தார்கள். நூற்றுக்குக் கால் பங்குகூட இல்லாத ஒரு பொருளுக்காக அத்தனை கல்லைக் கரைத்த அவர்களுடைய பொறுமையை நினைக்குந்தோறும் எனக்குப் பிரமிப்பு உண்டாகிறது.

கருங்கல்லாக உறையும் பாறைக்குழம்பில், பெரும்பகுதி இறுகிய பிறகு எஞ்சி நிற்கும் கடைசித் திரவத்திலேதான் லித்தியமும் ஃபுளோரினும் நீரும் சேர்ந்து செறிகின்றன. அத்திரவம் பிளவுகளில் புகுந்து பெக்மடைட் நரம்புகளாக உறையும்போது, முற்பட்டு விளைவது சாதாரண அப்பிரகம். பெரும்பாலும் நரம்பின் உட்பகுதியில், இறுதியில், விளைவது லெப்பிடோலைட். புதுச்சேரியின் செம்மண் மேடுகளோ, கடலும் ஆறும் கொணர்ந்து சேர்த்த படிவுகள். ஆகவே இங்கே இதைத் தேடுவதில் பயனில்லை. பாரதத்தில் இக்கனிஜம் குறிப்பிடத்தக்க அளவில் தென்படுவது சத்தீஸ்கரின் பஸ்தர்ப் பிரதேசத்தில், கோவிந்த்பால் சுற்றுவட்டத்து வெள்ளீயம் தாங்கிய நரம்புகளில். அங்கே ஆதிவாசி மக்கள் மண்ணை அலசி வெள்ளீயத் தாதுவை எடுத்து விற்கிறார்கள். கர்நாடகத்து மண்டியாவில் பேசப்படும் லித்தியம் வேறு. அது பெரும்பாலும் ஸ்பொடுமீன் என்ற, ஏடாகப் பிரியாத கனிஜத்தில் அடங்கியது.

கோரிமேட்டு ஜிப்மர் முதலான ஆஸ்பத்திரிகளில் மனநோயாளருக்குத் தரப்படும் லித்தியம் கார்பனேட் மாத்திரை முதல், கடற்கரைச் சாலையில் ஓசையின்றி ஓடும் மின்சார ஸ்கூட்டர் வரை இந்த உலோகம் இன்று வேண்டப்படுகிறது. 2023 ஆகஸ்டில் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, அணுசக்திக் கனிஜங்களின் பட்டியலிலிருந்து லித்தியம் நீக்கப்பட்டதால், தனியாரும் அதைத் தோண்ட வழி பிறந்திருக்கிறது. ஊதாக் கல் எங்கே தென்பட்டாலும் புதையல் என்று பேசும் ஆர்வமும் இதனால் வளரக்கூடும். அந்த ஆர்வத்துக்கு ஓர் அணை வேண்டும் என்பது என் கருத்து. ஊதா நிறத்தைத் தருவது லித்தியமன்று. சிறிதளவே கலந்திருக்கும் மாங்கனீஸ். லித்தியம் அற்ப சொற்பமாகவே உள்ள சாதாரண அப்பிரகமும் சில இடங்களில் இதே நிறம் காட்டுவதுண்டு. லித்தியம் நிறைந்த கல் வெளிறிச் சாம்பல் நிறமாகவும் இருப்பதுண்டு.

ஆகையால், கரூர்ப் பக்கத்திலோ சேலத்து மலைகளிலோ இத்தகைய கல் கண்ணில் படும் வாசகர்கள், நிறத்தைக் கண்டு முடிவு கட்டாமல், எடுத்த இடத்தையும் தேதியையும் ஒரு காகிதத்தில் குறித்து அதனோடு சேர்த்துக் கட்டி, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறையிலோ, சென்னையிலுள்ள இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அலுவலகத்திலோ காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் குறிக்கப்படாத கல்லால் ஆராய்ச்சிக்குப் பயனில்லை.