கொள்கைக்குக் கொடுத்த விலை

மேடையில் ஒருவருக்கு மாலை விழும்போது நாம் கைதட்டுகிறோம். அவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று கேட்கிறோமா? கொள்கைக்காகப் போராடுகிறவர் கொடுக்கும் விலை அவர் வீட்டாருக்குத்தான் தெரியும். மணிப்பூர் மாநிலத்து இரோம் சர்மிளாவின் வாழ்க்கை இதற்குச் சான்று.

இந்தியாவின் வடகிழக்கே, பர்மா எல்லையை ஒட்டியிருப்பது மணிப்பூர். 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, இம்பால் நகருக்கு அருகே மாலோம் என்னும் ஊரில், பேருந்து நிறுத்தத்தில் 10 பேர் துணை இராணுவத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டப்படி, சுட்டவர்மீது மத்திய அரசின் அனுமதியின்றி வழக்குத் தொடுக்க முடியாது. அந்தச் சட்டம் நீங்கும்வரை சோறும் தண்ணீரும் தொடுவதில்லை என்று உறுதி பூண்டார் சர்மிளா. ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியான அவருக்கு அப்போது வயது 28.

சில நாள்களிலேயே தற்கொலை முயற்சி என்று சொல்லிக் கைது செய்தார்கள். அந்தக் குற்றத்துக்கு அப்போது ஓராண்டுக்கு மேல் தண்டனை கிடையாது. ஆகவே ஆண்டுதோறும் விடுவிப்பார்கள். அவர் உண்ண மறுத்ததும் மீண்டும் பிடிப்பார்கள். ஆஸ்பத்திரி அறையே சிறையாயிற்று. மூக்கில் குழாய் செருகி உணவு செலுத்தினார்கள். உதட்டில் நீர் படக்கூடாதென்று காய்ந்த பஞ்சால் பல் துலக்கினார். தலை சீவவில்லை. கண்ணாடி பார்க்கவில்லை.

இவை யாவற்றிலும் பெரிய விலை ஒன்றுண்டு. பெற்ற தாயைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்று, வெற்றி கிடைக்கும்வரை சந்திப்பதில்லை என இருவரும் முடிவு செய்தார்கள். அதே ஊரில் மகள். அதே ஊரில் தாய். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாயின் தியாகத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

16 ஆண்டுகள் ஓடின. 2004இல் இம்பால் நகரப் பகுதிக்கு மட்டும் அச்சட்டத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. மாநிலம் முழுவதும் நீங்கவில்லை. 2016 ஆகஸ்டு 9ஆம் தேதி, உள்ளங்கையில் வைத்த தேனைத் தொட்டு நோன்பை முடித்தார். தேர்தலில் நின்று வென்று சட்டத்தை மாற்றப் போவதாகவும், திருமணம் செய்துகொள்ளப் போவதாகவும் சொன்னார்.

அதுவரை தெய்வமாகக் கொண்டாடியவர்களில் பலர் முகம் திருப்பிக்கொண்டனர். அன்றிரவு தங்க இடம் கொடுப்பதற்கும் அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவிக்க, அவர் ஆஸ்பத்திரிக்கே திரும்பினார். 2017 தேர்தலில் முதலமைச்சரை எதிர்த்து நின்று அவர் பெற்ற வாக்குகள் வெறும் 90. பிறகு மாநிலத்தை விட்டு வெளியேறி, அதே ஆண்டில் நம் தமிழ்நாட்டுக் கொடைக்கானலில் மணம் புரிந்தார். 2019இல் இரட்டைப் பெண் குழந்தைகளுக்குத் தாயானார். ஒரு குழந்தையின் பெயரோடு தம் தாயார் சகியின் பெயரையும் சேர்த்தார்.

வாசகர்களே! இதில் தவறு யாருடையது? ஊருக்காக ஒருத்தி பட்டினி கிடந்தவரையில் வணங்கினார்கள். அவளும் பசியுள்ள பெண்தான் என்று தெரிந்ததும் கைவிட்டார்கள்.

நம் தோட்டங்களிலும் சம்பளத்துக்காக, வீட்டுக்காக, பள்ளிக்கூடத்துக்காக முன்னால் நிற்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் மனைவி மக்கள் இருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போனவர் வீடு திரும்பும்வரை பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருப்பவள் அந்த மனைவி. வேலை போனால் மளிகைக் கடன் அவள் தலையில்தான் விழும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவில் பங்கெடுங்கள். அவர் களைத்து ஒதுங்க விரும்பினால் ஏசாதீர்கள். அவர் இறக்கி வைத்த சுமையை அடுத்தவர் ஏற்றுக்கொள்ளட்டும். பலன் எல்லாருக்கும் என்றால் விலையும் எல்லாரும் கொடுப்பதே நியாயம்.