எண்ணெய் நாட்டின் மேடுபள்ளப் படம்

கிராமப் படத்தில் சர்வே எல்லைகளும் வழி வாய்க்கால்களும் காணப்படும். நிலத்தின் ஏற்றத்தாழ்வு காணப்படாது. அதனைக் காட்டுவது மேடுபள்ளப் படம். சம உயரமுள்ள இடங்களை ஒரே கோட்டால் இணைத்து இதனை வரைவர். கோடுகள் நெருங்கியிருப்பின் செங்குத்தான சரிவென்றும், விலகியிருப்பின் சமநிலமென்றும் அறியலாம். அமெரிக்காவில் 1879-ம் வருஷம் ஸ்தாபிதமான பூதத்துவ சர்வே இலாகா, மைலுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் வீதம் இத்தகைய படங்களைத் தயாரித்தது. உயரக் கோடுகள் கபில நிறம், நீர் நீலம், பாதைகளும் வீடுகளும் கறுப்பு.

பென்சில்வேனியா மாகாணத்தில் டைட்டஸ்வில் என்னும் ஊரருகே எண்ணெய் ஓடை எனப் பெயர் பூண்ட சிற்றாறு ஒன்று உண்டு. அதன் கரையில் 1859 ஆகஸ்டில் டிரேக் என்பவர் துளையிட்டு, 69½ அடி ஆழத்தில் எண்ணெய் கண்டார். அவரைப் பின்பற்றியவர்களும் ஓடைக்கரையையே நாடினர். ஆனால் படத்தின் கோடுகள் குன்றின் உருவத்தைக் காட்டுமேயன்றி, அதன் கீழே பாறையில் தங்கிய எண்ணெயைக் காட்டமாட்டா.

எண்ணெயை வெளியே கொண்டுசெல்வதில் நேர்ந்த கஷ்டமோ படத்திலேயே விளங்கும். ஓடை குறுகிய பள்ளத்தாக்கில் இறங்கி அலகேனி நதியிற் சேர்கிறது. நீர் குறைந்த காலத்தில் படகு செல்லாது. ஆதலின் மேலேயுள்ள மில் அணைகளை ஒருசேரத் திறந்து, அவ்வெள்ளத்தில் எண்ணெய்ப் படகுகளை மிதக்கவிட்டனர். படகுகள் மோதி எண்ணெய் வீணானதும் உண்டு.

ஓடைக்குக் கிழக்கே, இடையில் குன்றுகள் நிற்க, பிட்ஹோல் என்னும் இடத்தில் 1865 ஜனவரியில் எண்ணெய் பீறிட்டது. சில மாதங்களில் அங்கே சுமார் 15,000 ஜனங்கள் கூடினர். வண்டிக்காரர் சேற்றுப் பாதையில் பீப்பாய்க்கு இரண்டு டாலருக்கு மேல் கூலி கேட்டனர். அவ்வருஷமே வான் சிக்கல் என்பவர் இரண்டு அங்குல இரும்புக் குழாயை ஐந்து மைல் தூரம் பதித்து, பீப்பாய்க்கு ஒரு டாலர் வீதம் ரெயில் நிலையத்துக்கு எண்ணெய் அனுப்பினார்.

கேடு வேறிடத்தில் விளைந்தது. மேலே புலத்துக்குப் புலம் எல்லை உண்டு. கீழே எண்ணெய்க்கு எல்லையில்லை. அடுத்த புலத்தான் கிணறு தன் எண்ணெயை இழுத்துவிடுமென்று ஒவ்வொருவரும் விரைந்து துளைத்தனர். நெருங்கத் துளைத்ததால், எண்ணெயை மேலே தள்ளும் வாயுவின் அழுத்தம் வெகு சீக்கிரம் குன்றியது. எண்ணெயும் வாயுவும் காட்டு விலங்கைப் போன்றவை, பிடித்தவனுக்கே உரியவை என்னும் கருத்தை அம்மாகாண உச்ச நீதிமன்றம் 1889-ல் வெளியிட்டது.

பிட்ஹோலின் நகர அந்தஸ்து 1877-ல் ரத்தாயிற்று. பின்னர் அந்நிலம் 4 டாலர் 37 சென்டுக்கு விலைபோயிற்று. சர்வே இலாகா அந்த அந்தஸ்து ரத்தான பின்னரே தோன்றியது.