கைத்தொலைபேசியின் மென்பொருளும் உத்தரவாதச் சீட்டும்

மலைநாட்டுத் தோட்டங்களில் கைத்தொலைபேசி இல்லாத லயத்தைக் காண்பது இன்று அரிது. கொழும்பில் கடைவேலைக்குச் சென்ற பிள்ளையின் குரலும், வளைகுடா நாட்டில் பணிபுரியும் தாயின் முகமும் அதன் வழியாகவே வீட்டை அடைகின்றன. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் பாடங்களும் அதன் வழியாகவே வந்தன. ஆயினும் அதன் விலை எளியதன்று. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி 40,000 ரூபா விலையுள்ள ஒரு கருவி, ஏறத்தாழ முப்பது நாட்கள் கொழுந்து பறித்த கூலிக்குச் சமமாகும். இத்தகைய பொருளை வாங்கும்போது கடைக்காரர் கொடுக்கும் ‘வொறண்டி’, அதாவது உத்தரவாதச் சீட்டு, அக்குடும்பத்துக்கு எவ்வளவு பெறுமதியுடையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அச்சீட்டுச் செல்லாமற்போகும் காரணங்களுள் பலர் அறியாதது ஒன்றுண்டு. கருவியின் மென்பொருளை மாற்றுதலே அது.

கைத்தொலைபேசியை இயக்கியதும் முதலில் விழித்தெழுவது ‘பூட்லோடர்’ எனப்படும் ஒரு சிறு நிரல். அதனை வாயிற்காவலனுக்கு ஒப்பிடலாம். உள்ளே நுழையவிருக்கும் இயங்குதளம் உற்பத்தியாளரின் முத்திரையைத் தாங்கியுள்ளதா என்று சோதித்த பின்னரே அது வழிவிடும். இக்காவலைத் தளர்த்தி வேறோர் இயங்குதளத்தை உட்செலுத்துவதும், கருவியின் முழு அதிகாரத்தையும் பயனரே கைக்கொள்ளுமாறு ‘ரூட்’ செய்வதும் மென்பொருள் மாற்றத்தின் இரு முக்கிய வகைகள். எழுத்துருவின் அளவை மாற்றுதல், தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தல், உற்பத்தியாளரே அனுப்பும் புதுப்பிப்பை ஏற்றுக்கொள்ளுதல் முதலியன இவற்றுள் அடங்கா. அவற்றால் உத்தரவாதத்துக்குத் தீங்கில்லை.

இம்மாற்றத்தை விளையாட்டுப் பிள்ளைகளின் வேலையென்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் விற்பனையான அண்ட்ரோய்ட் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இருக்கவில்லை. தமிழ்ச் செய்தியொன்றைத் திறந்தால் எழுத்துகளுக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள் வரிசையாய் நிற்கும். சிலர் ‘ஒபெரா மினி’ உலாவியில் ஓர் அமைப்பை மாற்றி, எழுத்துகளைப் படமாக வரவழைத்து வாசித்தனர். வேறு சிலர் கருவியை ரூட் செய்து, தமிழ் எழுத்துருவைத் தாமே உள்ளே வைத்தனர். சிங்களம் வாசிப்போருக்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. தாய்மொழியைத் திரையிற் காண்பதற்காக உத்தரவாதத்தைப் பணயம் வைக்கவேண்டியிருந்த காலம் அது. பின்வந்த பதிப்புகளில் தமிழ் இயல்பாகவே இடம்பெற்றமையால் அத்தேவை நீங்கிவிட்டது.

இன்றைய தேவைகள் வேறு. உற்பத்தியாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய கருவிக்கு உயிரூட்ட விரும்புவோர் உளர். 2009 முதல் 2016 வரை வழங்கிய ‘சயனோஜென்மொட்’, அதன் வழிவந்த ‘லினேஜ் ஓஎஸ்’ ஆகிய இயங்குதளங்கள் இதற்குப் பயன்பட்டு வந்துள்ளன. சீனச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட கருவியில் வேற்றுநாட்டு மென்பொருளை விற்பனையாளரே ஏற்றி விற்பதும் உண்டு. அவ்வாறாயின், வாங்கியவர் கைவைக்கும் முன்னரே மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது.

மாற்றம் செய்யப்பட்டதைப் பழுதுபார்ப்பவர் எங்ஙனம் அறிவார்? முன்னர் மென்பொருளிலேயே ஒரு கணக்கு வைக்கப்பட்டது. அதனை அழித்துவிடவும் வழியிருந்தது. 2013ஆம் ஆண்டில் சாம்சுங் நிறுவனம் ‘நொக்ஸ்’ என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டோடு ஒரு மின்னுருகியைச் சில்லுக்குள்ளேயே அமைத்தது. வீட்டு மின்சுற்றில் உருகி எரிந்தால் புதுக்கம்பி போடலாம். இதிலோ அது இயலாது. அங்கீகாரமற்ற இயங்குதளம் ஏறியதும் சுழியம் ஒன்றாகிவிடும். பழைய மென்பொருளைத் திரும்பச் செலுத்தினாலும் அவ்வொன்று மீண்டும் சுழியமாவதில்லை.

இனி, இவ்வடையாளம் ஒன்றே பழுதுபார்க்க மறுப்பதற்குப் போதிய காரணமாகுமா? ஒருவர் ரூட் செய்த கருவியின் மின்னேற்றத் துளை தளர்ந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். துளையின் பற்றாசு விட்டதற்கும் மென்பொருளுக்கும் யாதொரு தொடர்புமில்லை. மாறாக, தவறான மென்பொருளைச் செலுத்தியதால் கருவி விழிக்காமற்போயின் குற்றம் செலுத்தியவரையே சாரும். மாற்றத்தினாலேயே பழுது விளைந்ததா என்பதே ஆராயத்தக்க வினா. ஐரோப்பாவில் இவ்வினா 2012ஆம் ஆண்டிலேயே எழுந்தது. நுகர்வோருக்குச் சட்டம் அளிக்கும் உத்தரவாதம் இயங்குதளத்தை மாற்றுவதனால் மட்டும் இல்லாதொழியாது என ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அவ்வாண்டில் விளக்கம் வெளியிட்டது. எனினும் உற்பத்தியாளர் தாமாக விரும்பி வழங்கும் உத்தரவாதத்துக்கு அவரவர் நிபந்தனைகளே அளவுகோல்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உண்டு. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளிக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி முறையிட அதன் 13ஆம் பிரிவு இடமளிக்கிறது. விசாரணையின் முடிவில் இழப்பீடு வழங்குமாறோ, பொருளை மாற்றிக் கொடுக்குமாறோ, பணத்தைத் திருப்புமாறோ அதிகாரசபை கட்டளையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் முறையிடவேண்டும் என்பது அப்பிரிவின் விதி. ஓராண்டு உத்தரவாதம் பெற்றவர் எட்டாம் மாதத்தில் விழித்துக்கொண்டால் இவ்வாயில் அடைபட்டிருக்கும். சட்டத்தின் சொல் எவ்வாறிருப்பினும், ஒருநாட் சம்பளத்தை இழந்து, பஸ் ஏறிக் கொழும்புச் சேவை நிலையத்துக்குச் செல்லும் தொழிலாளி, எரிந்த மின்னுருகியைக் காட்டி மறுக்கும் அலுவலரிடம் காரண காரியத்தை வாதிட்டு வெல்வது கடினமே.

மலைநாட்டார் கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. ‘கம்பனி வொறண்டி’ வேறு, ‘கடை வொறண்டி’ வேறு. முன்னதை உற்பத்தியாளரின் அதிகாரம் பெற்ற நிலையம் ஏற்கும். பின்னதற்கு விற்ற கடையே பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொணர்ந்த கருவிக்குப் பெரும்பாலும் வாங்கிய நாட்டிலேதான் உத்தரவாதம். விசைப்பலகையில் நட்சத்திரம், சதுரக்குறி, 06, சதுரக்குறி என அழுத்தினால் 15 இலக்க அடையாள எண் தோன்றும். அவ்வெண்ணும் சீட்டில் எழுதப்பட்ட எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

கருவி திடீரென நின்றுவிட்டால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள சிறு கடைக்காரர், ‘சொப்ட்வெயார் போட்டால் சரியாகிவிடும்’ என்பார். பலவேளைகளில் அது உண்மையுமாகும். அவர் போடுவது உற்பத்தியாளரின் முத்திரை பெற்ற மென்பொருளாயின் மேற்கூறிய மின்னுருகி எரிவதில்லை. வேறெங்கோ பெற்றதாயின் எரியக்கூடும். வங்கிச் செயலிகள் சிலவும் அதன்பின் இயங்க மறுக்கும். இரண்டில் எதைப் போடப்போகிறார் என்பதைக் கருவியைக் கையளிக்கும் முன்னரே வினவி, செய்த வேலையைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச்சொல்லலாம். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால், அக்கடையின் மேசைமீது வைப்பதற்கு முன்பாகச் சீட்டிலுள்ள நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுப்பதற்குச் சில ரூபாவே செலவாகும்.