குழந்தையை யாரிடம் விடுவது? பராமரிப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டியவை

ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்ததில்லை. பெரட்டுக்குப் போகும் தாய், குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். இன்று அந்தத் தோட்டப் பிள்ளைகள் பலர் தாமான்களில் குடியிருக்கிறார்கள். தாய்மார்கள் குளுவாங்குக்கும் சிம்பாங் ரெங்கத்துக்கும் வேலைக்குப் போகிறார்கள்.

தனியார் துறையில் மகப்பேறு விடுமுறை 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அது முடியும்போது குழந்தைக்கு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். பாட்டி உடன் இல்லாத வீட்டில், அடுத்த லோரோங்கில் பிள்ளை பார்க்கும் அக்காதான் துணை.

1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, 4 வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கட்டணத்துக்குப் பார்க்கும் இடம் சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். நான்கு முதல் ஒன்பது குழந்தைகள் வரை இருந்தால் அது வீட்டுத் தாஸ்கா. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும் என்பது விதி. பதிவு பெற்ற இடமென்றால் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம்.

இரண்டு, மூன்று குழந்தைகளை மட்டும் பார்க்கும் வீட்டுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. அங்கே சோதனைக்கு அதிகாரி வரமாட்டார். பார்க்க வேண்டியவர்கள் பெற்றோர்தான்.

"தெரிந்தவர்தானே, எப்படிக் கேட்பது?" என்ற தயக்கம் இங்கேதான் வருகிறது. குறை சொல்வதுபோல் இல்லாமல், உதவி கேட்பதுபோல் கேட்கலாம்.

* "எத்தனை பிள்ளைங்களப் பாக்குறீங்க அக்கா? பகல்ல வீட்டுல வேற யாரெல்லாம் இருப்பாங்க?"
* "அழுகை நிக்கவே இல்லன்னா என்ன செய்வீங்க?" கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்கினால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம். இதற்கான பதில் மிக முக்கியம்.
* "எப்படிப் படுக்க வைப்பீங்க?" மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு.
* "காய்ச்சல் வந்தா முதல்ல யாருக்குப் போன் போடுவீங்க?" பெற்றோரைக் கேட்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பதை அப்போதே பேசிக்கொள்ளலாம்.

வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல், மற்ற பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் ஒருமுறை வீட்டைப் பார்ப்பது நல்லது. சுடுதண்ணீர், குளியலறை வாளி, வாசல் கேட், புகைப்பவர் உண்டா என்பதெல்லாம் கண்ணில் படும். முன்பு பிள்ளை விட்ட ஒரு தாயிடமும் விசாரிக்கலாம்.

சிறார் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் ஒருவரின் பெயர் உள்ளதா என்று சரிபார்க்கும் வசதி 2019 மார்ச் முதல் உண்டு. இதற்கு மாவட்டச் சமூக நல அலுவலகத்தை நாடலாம். ரெங்கம் குளுவாங் மாவட்டத்தில் உள்ளது. சம்பந்தப்பட்டவரின் முழுப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கையில் இருக்கட்டும்.

சம்பளம், ஓவர்டைம் நாளில் கூடுதல் நேரம், பெருநாள் விடுமுறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது. வேலைக்குத் திரும்பும் முன், சில நாள் ஓரிரு மணி நேரம் விட்டுப் பார்ப்பது குழந்தைக்கும் பழக்கமாகும்.

அதன் பிறகும் கவனம் தேவை. காரணம் சொல்ல முடியாத காயம், அந்த வீட்டு வாசலில் மட்டும் வரும் அலறல், திடீரெனச் சோர்ந்துபோவது ஆகியவற்றைக் கண்டால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொடுமை நடந்திருக்கலாம் என்று சந்தேகித்தால் 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே 15999 எண்ணுக்கு அழைக்கலாம். அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று பெரியவர்கள் யோசிக்கலாம். மூன்று மாதக் குழந்தைக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது.